கஞ்சி போகாத துணி

மகனே, நீ அனுப்பிய பொட்டலமும் அதற்குள் மடித்து வைத்திருந்த கடிதமும் இங்கே பதுளையில் என் கைக்கு வந்து எட்டு நாளாகிறது. கல்யாணத்துக்குச் சரி என்று ஒரு வரி எழுத இந்த அம்மாவுக்கு எட்டு நாள் வேண்டுமா என்று அங்கே ஹல்துமுல்லையில் உட்கார்ந்து நீ கொதித்துக்கொண்டிருப்பாய். கொதி, நியாயம்தான். ஆனால் நீயாக ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொண்டு எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு எரிச்சல். அருளாயி கொழுந்து எடுக்கிற பெண், நாம் மருந்து ஐயா குடும்பம், அதனால் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்கிறாய். அட போடா! உன் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவர்தான், ஆனால் அவரைப் பெற்றவர் இதே மலையில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டியவர். அந்தப் பிள்ளையை நான் ஆறு வயதில் மடியில் வைத்திருக்கிறேன். அவளைவிட நல்ல பெண்ணை உனக்கு நான் எங்கே போய்த் தேடுவேன்?

என் பேனாவை நிறுத்தியது நீ அனுப்பிய துணி. பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டு கெஜம் புதுக் காடாத்துணி. "சின்ன வயசில் எனக்குத் தண்ணீர் ஒட்டாத துணி ஒன்று செய்து தந்தீர்களே அம்மா, அதுபோல அருளாயிக்கும் ஒன்று வேண்டும், கல்யாணப் பரிசாகவும் இருக்கும், ஐப்பசி மழைக்கும் ஆகும்" என்று எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டுத் துணியைத் தடவிப் பார்த்தேன். கடையில் போட்ட கஞ்சி அப்படியே மொடமொடவென்று இருந்தது. உடனே மடித்து ஓரமாக வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும். தேயிலை ஸ்டோரில் வேலைக்கு நடுவே வாசிக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து வாசி.

அந்தத் துணியை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியாது. அப்புத்தளைக்கு மேலே நாம் இருந்த தோட்டத்தில், துரைசாணிக்குத் தையல் வேலை இருந்தால் என்னைப் பங்களாவுக்குக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் போனபோது அவள் பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் இரண்டு தொட்டி வைத்துக்கொண்டு, முழங்கை வரை ஈரத்தோடு, கூடாரத் துணியை முக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தொட்டியில் சவுக்காரத்தைச் சீவிப் போட்ட வெந்நீர். இன்னொன்றில் படிகாரம் கரைத்த தண்ணீர். முதலில் அதில் ஊற வைத்து, பிழிந்து, பிறகு இதில் முக்கிக் காயப் போட வேண்டும். எதற்கு என்று கேட்டேன். மழைக்கு என்றாள். மெழுகு மாதிரி மேலே பூசுவதா என்று கேட்டேன். அவளுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "மேலே பூச வேணாம். நூலு உள்ளே போ வேணும்" என்று விரலால் நூலைக் காட்டினாள். அவ்வளவுதான் பாடம். நான் போவதற்கு முன்னே அந்தத் துணியை அவள் என்ன செய்திருந்தாள், வெந்நீரில் போட்டாளா, சோடாவில் அவித்தாளா என்று நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு குடுகுடுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். என் புத்தி எப்போதும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் கேட்டேன். சவுக்காரமும் தண்ணீரில் கரையும், படிகாரமும் தண்ணீரில் கரையும். கரைகிற இரண்டும் சேர்ந்து கரையாத ஒன்று ஆகிறதென்றால் அது எந்த ஊர் நியாயம்? அவர் சிரித்துக்கொண்டு இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளை எடுத்து, ஒன்றில் இருந்ததை மற்றதில் ஊற்றிக் காட்டினார். இரண்டும் தெளிவாக இருந்தவை, சேர்ந்ததும் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கட்டிக்கொண்டன. "ரெண்டும் போயிருச்சு, இது மூணாவது. நூலுக்குள்ள போயி இப்பிடி ஆச்சுன்னா, அதுக்கப்புறம் தண்ணி உள்ளே வர எடம் ஏது?" என்றார். எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. பஞ்சு தண்ணீரைக் கண்டால் உறிஞ்சுகிற சாதி. அதன் குணத்தையே ஒரு துண்டுச் சவுக்காரம் மாற்றிவிடுமா என்று இன்றைக்கும் நான் யோசிக்கிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு இதை வைத்து அம்மா ஏதோ புத்திமதி சொல்லப் போகிறாள் என்று நினைக்காதே. அப்படி ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை, தோன்றினாலும் சொல்லும் நிலையில் நான் இல்லை.

முதலில் உனக்குத்தான் செய்தேன். உனக்குப் பத்து வயது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு மைல் நடக்க வேண்டும், மழை வந்தால் நெஞ்சு கரகரவென்று இழுக்கும். உன் அப்பா ஒரு தடவை இந்தியாவுக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்த பழைய துப்பட்டி ஒன்று இருந்தது. தோட்டத்து டோபி அதைச் சாம்பல் தண்ணீரில் அவித்து அவித்துத் துவைத்து, அது பூப்போல ஆகியிருந்தது. அதைப் பாதியாகக் கிழித்து, சவுக்காரத்தில் ஊற வைத்து, படிகாரத்தில் முக்கிக் காயப் போட்டேன். காய்ந்த பிறகு தண்ணீரை ஊற்றினால் சேம்பிலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடியது. நீ அதைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் லயத்து வரிசை வீட்டு வாசலில் ஆடிய ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். லயமே கூடி வேடிக்கை பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்குத்தரம்மா மந்திரம் போட்டிருக்கிறாள் என்று யாரோ சொன்னதை நான் மறுக்கவும் இல்லை.

அந்தக் கூட்டத்தில்தான் சவரியம்மா நின்றாள், அருளாயியின் அம்மா. லயத்தில் எல்லோரும் என்னை டாக்குத்தரம்மா என்று கூப்பிடும்போது அவள் ஒருத்திதான் அக்கா என்பாள். நான் தனியாக இருந்த நாளெல்லாம் எனக்குத் துணை அவள்தான். மறுநாள் வந்து, "அக்கா, மழைக்குப் போத்திக்கிற இந்தக் கம்பளி நனைஞ்சா ஒரு ஆட்டைத் தூக்கித் தோள்ல போட்ட கணக்கா இருக்கு. தம்பிக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்களேன்" என்று கேட்டாள். துப்பட்டியின் மறு பாதி பெட்டியில் சும்மாதான் கிடந்தது. அதை எடுத்திருக்கலாம். எடுக்க மனம் வரவில்லை. நாம் விரித்துப் படுத்துப் பழசான துணியை இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் நீட்டினால் அவளை என்னவென்று மதித்ததாக ஆகும்? கொழுந்து எடுக்கிறவளுக்குக் கந்தல் போதும் என்று டாக்குத்தரம்மா நினைத்தாள் என்று லயமே பேசாதா? அதனால் உன் அப்பாவிடம் பதுளைக் கடைத்தெருவில் புதுக் காடாத்துணி வாங்கிவரச் சொன்னேன். கோடித்துணி என்றால் அது கோடியாகத் தெரிய வேண்டும். முன்னாலேயே துவைத்து அவித்தால் மொடமொடப்புப் போய் உடுத்தின துணி மாதிரி ஆகிவிடும் என்று, துவைக்காமலே சவுக்காரத் தண்ணீரில் போட்டு எடுத்தேன். அதிக நேரம் ஊறவிடவும் இல்லை. காய்ந்த பிறகு மடிப்புக் கலையாமல் இரண்டு கையாலும் கொடுத்தேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை, மகனே. எல்லாம் மரியாதையாகத்தான் செய்தேன்.

அவள் முன்னாலேயே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். ஓடியது. அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். அப்போது என் வாயிலிருந்து வந்ததைச் சொல்கிறேன், கேள். "இனிமே அந்தக் கம்பளி எதுக்குடி? விட்டுட்டுப் போ. இது ஒண்ணு போதும்" என்றேன். ஒரு செம்புத் தண்ணீர் ஓடியதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் மழைக்குப் போதும் என்று சொன்னேன். மலையில் விடியலிலிருந்து சாயந்தரம் வரை நின்று பெய்கிற மழை எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? நான் ஒரு நாளாவது அங்கே நின்றவளா?

அடுத்த வாரம் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. விடியலில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகும்போது சவரியம்மா கம்பளியை வீட்டில் வைத்துவிட்டு என் துணியை மட்டும் போட்டுக்கொண்டு போனாள். பிறகு நடந்ததை அவளோடு தேயிலை நிரையில் நின்ற பெண்கள் சொல்லித்தான் தெரியும். பத்து மணி வரைக்கும் நன்றாக இருந்ததாம். அதற்குப் பிறகு துணி தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்து, கூழ் மாதிரி வழுவழுவென்று முதுகில் ஒட்டிக்கொண்டதாம். கங்காணி பார்த்துவிட்டு, "ஏ புள்ள, லயத்துக்குப் போயி கம்பளிய எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். அவள், "டாக்குத்தரம்மா செஞ்ச துணிங்க, ஒண்ணும் ஆகாது" என்றாளாம். சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் அப்படியே நின்றிருக்கிறாள். மூன்றாம் நாள் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. உன் அப்பா கையில் இருந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தார். பத்தாம் நாள் சவரியம்மா போய்விட்டாள்.

துணியால்தான் போனாளா? இதைத்தான் நான் பதின்மூன்று வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மாதம் லயத்தில் இன்னும் மூன்று பேருக்கு அதே காய்ச்சல். மூன்று பேரும் கம்பளி போட்டவர்கள்தான், அதில் ஒருவர் போய்ச் சேர்ந்தார், இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். அப்படியென்றால் கம்பளி போட்டிருந்தாலும் சவரியம்மாவுக்கு வந்திருக்குமா? உன் அப்பாவிடம் கேட்டேன். எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலம்மா" என்றார். அவர் எனக்குத் தெரியாது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் நாங்கள் இருவரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

இதுவரை சொன்னதை அறியாமை என்று நீ மன்னித்துவிடுவாய். இனிமேல் சொல்வதை மன்னிப்பாயோ இல்லையோ. அவள் படுத்திருந்தபோது ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "துணி நல்லாத்தாங்க்கா இருந்துச்சு. நான்தான் சரியாப் போத்திக்கல" என்றாள். எனக்காகச் சொன்ன பொய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதை மறுக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று அருளாயி வாசலில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா ஏன் கம்பளிய எடுத்துக்கிட்டுப் போவல?" என்று கேட்டாள். சுற்றிலும் பெண்கள் நின்றார்கள். எனக்குப் பயம். "மறந்துட்டாடா கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவள் அப்பாவும் அதையே நம்பி எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். உண்மை தெரிந்த இரண்டு மூன்று பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். மழையில் ஊறிய அந்தத் துணியை நானே வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். தை மாதம் அவள் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு ஹல்துமுல்லைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். வண்டி கண்ணுக்கு மறைந்தபோது எனக்கு அழுகையோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

உன் கடிதத்தின் கடைசியில் வேடிக்கை என்று நினைத்து ஒன்று எழுதியிருக்கிறாய். அருளாயி நல்ல வெயிலிலும் கம்பளியைத் தூக்கிக்கொண்டுதான் மலைக்குப் போவாளாம், கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்களாம், "எங்கம்மா மறதியால செத்தா, நான் அப்படிச் சாவ மாட்டேன்" என்று கோபமாகச் சொல்வாளாம். நீ சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். நான் அந்த இடத்தை வாசித்துவிட்டு அடுப்பில் வைத்த பருப்பைக் கருக விட்டேன். பெற்றவளைக் கவனமில்லாதவள் என்று ஒரு பிள்ளை பதின்மூன்று வருஷமாகக் கோபித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு வந்து சேர வேண்டியது.

இந்த எட்டு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. உன் துணியின் ஓரத்தில் நாலு துண்டு வெட்டி எடுத்தேன், மன்னித்துக்கொள். ஒவ்வொன்றாகச் செய்து, பானை வாயில் இழுத்துக் கட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். துவைக்காத கஞ்சித் துண்டில் ஐம்பத்து மூன்று மணி செபமாலை ஒரு தடவை சொல்லி முடிப்பதற்குள் அடியில் சொட்ட ஆரம்பித்தது. அடுத்ததைச் சாம்பல் தண்ணீரில் மூன்று தடவை அவித்து, கஞ்சியெல்லாம் போன பிறகு செய்தேன், சாயந்தரம் வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுந்து நின்றேன். கஞ்சிதான் குற்றவாளி, நூலுக்குள் போக வேண்டியதை வாசலிலேயே மறித்துக்கொண்டு, தானும் மழையைக் குடித்து ஊறியிருக்கிறது என்று தோன்றியது. மூன்றாவது துண்டு என்னைப் பைத்தியக்காரி ஆக்கியது. இரண்டாவதைப் போலவே அவித்துத்தான் செய்தேன், ஆனால் ஒழுகிவிட்டது. இரண்டாவதற்கு மழைத் தண்ணீர், மூன்றாவதற்குப் பதுளைக் கிணற்றுத் தண்ணீர். இந்தக் கிணற்றில் சவுக்காரம் நுரைக்கவே மாட்டேன் என்கிறது, தொட்டியிலேயே திரிந்துபோகிறது. அப்படியென்றால் குற்றம் தண்ணீரா? நாலாவது துண்டை அவிக்காமலே வெந்நீர்ச் சவுக்காரத்தில் அரை நாள் ஊற வைத்துச் செய்தேன். அது மத்தியானம் வரை மட்டும் தாங்கியது. இப்போது எனக்குத் தலை சுற்றுகிறது. கஞ்சியா, தண்ணீரா, ஊறின நேரமா, மூன்றுமா? அப்பா இருந்தால் கேட்கலாம். அவரும் தெரியலம்மா என்றுதான் சொல்வாரோ என்னவோ.

கல்யாணம் பண்ணப்போகிற பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். நாளைக்கு அவள் உன் வீட்டில் இருப்பாள், நீ சொன்னால் நம்புவாள். சவரியம்மா என்னை நம்பினாளே, அந்த மாதிரி நம்புவாள். உனக்கு முழுதாகத் தெரியாத எதையும் போதும் என்று அவளிடம் சொல்லாதே. அவள் கையில் பழக்கமாக வைத்திருக்கிற ஒன்றை, அது எவ்வளவு பாரமாகத் தெரிந்தாலும், விட்டுவிடு என்று நீ சொல்லாதே. தெரியலம்மா என்று உன் அப்பா சொன்னார் பார், அதைச் சொல்லப் பழகு. அப்படிச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்காது.

அப்புத்தளைக்குப் போகிற வண்டியில் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். நீ அனுப்பிய புதுத் துணி அதில் இருக்காது, அது என்னிடமே இருக்கட்டும். உள்ளே இருப்பது அந்தத் துப்பட்டியின் மறு பாதி. இத்தனை வருஷமும் நான் போர்த்தியது, எத்தனை தடவை துவைத்தது என்று கணக்கே இல்லை. கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீரில் செய்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்கப் பானையில் கட்டிப் பார்த்தேன், இறங்கவில்லை. அதற்காக நிச்சயம் என்று நான் சொல்லவில்லை, கம்பளியையும் அதன் மேல் போட்டுக்கொள்ளட்டும். வரப்போகிற மருமகளுக்கு மாமியார் பழந்துணி அனுப்பினாள் என்று அங்கே பேசுவார்கள். பேசட்டும். முன்னே ஒரு தடவை பேச்சுக்குப் பயந்து புதுத் துணி கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு என் சம்மதம் முழுசாக உண்டு. இனி சம்மதம் சொல்ல வேண்டியவள் அவள்தான், இதை வாசித்த பிறகு. நான் வரலாமா, அவள் முன்னால் நின்று வாயால் சொல்லலாமா என்பதையும் அவளே சொல்லட்டும். வேண்டாம் என்றால் நான் இங்கேயே இருந்து ஜெபம் பண்ணுகிறேன், நீ அவளோடு இதற்காகச் சண்டை போடாதே. அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் என்றாயே, பொட்டலத்தைப் பிரிக்கும் முன் இந்தத் தாளை அவள் கையில் கொடு. மற்றதெல்லாம் கோபத்தில் அவள் வாசிக்காமல் போட்டாலும் பரவாயில்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் அவள் வாசித்துவிட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

அருளாயி, உன் அம்மா கம்பளியை மறக்கவில்லை. நான்தான் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.